துண்டுக்குள் ஒரு பேரம்

ஜூன் 12, வியாழன்

டயரி எழுதுகிற ஆளா நான்? சின்னமனூர் வாழைத்தார் மண்டியில் நான் கூவ ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். சுருளிவேல் ஏலம் என்றால் அப்படி. இப்போது வாயைத் திறந்தால் பஞ்சரான டயர் மாதிரி புஸ் என்கிறது. தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள், சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுங்கள் என்று டாக்டர் ரெஹானா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உரக்கடைக்காரர் கொடுத்த டயரி ஒன்று பிரிக்காமல் கிடந்தது. என் மனைவி போதுமணி அதை எடுத்து என் மடியில் போட்டாள்.

"என்னைய வையணும்னாலும் இதுலயே வைங்க. உங்க கையெழுத்த நான் எங்கிட்டுப் படிக்கப் போறேன்" என்றாள்.

மார்ச்சில் குரல் கம்மியது. சளி என்று சுக்கும் மிளகுமாகக் குடித்தேன். மதுரையில் படம் எடுத்தபோதுதான் நெஞ்சுக்குள், இடது பக்கம், நிணநீர்க் கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய்தான். ஆனால் மருந்துக்குக் கரைகிற ஜாதி என்கிறார் டாக்டர். அந்தக் கட்டி தொண்டைக்குப் போகிற நரம்பை நெருக்குகிறதாம். அதனால்தான் குரல் போனது. இரண்டு தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. திங்கட்கிழமை மறுபடி ஸ்கேன். கட்டி எவ்வளவு கரைந்தது என்று முதல் படத்தோடு வைத்து அளப்பார்கள். கரைந்திருந்தால் இதே மருந்து. இல்லாவிட்டால் இதைவிடக் கடுமையான வேறு மருந்து, வேறு பாடு.

ஊசியில் சர்க்கரை மாதிரி ஒன்றை ஏற்றுகிறார்கள். உடம்பில் எந்த இடம் அதைப் பறந்து பறந்து தின்கிறதோ அந்த இடம் படத்தில் மின்னும். கட்டி பெருந்தீனிக்காரன், அதனால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். முதல் படத்தில் என் நெஞ்சில் எலுமிச்சம்பழம் அளவுக்கு எரிந்தது. பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் யாரிடமும் முகம் கொடுக்கவில்லை.

ஜூன் 14, சனி

மோட்டார் போட்டேன், தண்ணீர் வரவில்லை. ஃபூட் வால்வைக் கழற்றி மாட்டினேன். வந்தது.

மண்டிப் பக்கம் போனேன். என் இடத்தில் நின்று தங்கமாயன் ஏலம் விடுகிறான். அதுவும் ஒரு ஏலமா! ஆடு கத்துகிற மாதிரி இழுக்கிறான். செவ்வாழைத் தாரை நாட்டுப்பழ விலைக்குத் தள்ளிவிடுகிறான். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு மாதிரி ஆகிவிட்டது.

போதுமணி உப்பில்லாமல் சாப்பிடுகிறாள். இன்றைக்குத்தான் கவனித்தேன். கேட்டால், "படம் நல்லபடியா வர்ற வரைக்கும் உப்பத் தொடமாட்டேன்னு வீரபாண்டி கௌமாரிக்கு நேந்திருக்கேன். உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. ஊசி போட்டதுக்கப்பறம் ஒரு மணி நேரம் வாய மூடிக்கிட்டுப் படுத்திருக்கணுமாம். அது ஒண்ணுதான் உங்க பாடு" என்றாள்.

கட்டின நாளாக இவள் என்னிடம் கேட்பது வாயை மூடு என்கிற ஒன்றைத்தான். இவள் அப்பா மாட்டுத் தரகர். வாயே திறக்காத மனுசன். அவர் தொழில் அப்படி. துண்டைப் போட்டு மூடி, உள்ளே எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுவார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கை மொத்தத்தையும் பிடித்தால் ஐந்து, தட்டிவிட்டால் கட்டுப்படியாகாது. எங்கள் கல்யாணத் தேதியைக்கூட என் அப்பாவோடு துண்டுக்குள்தான் முடித்தார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு நான் வாய்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஸ்கேன் முடிந்தது. ஊசி போட்டு ஒரு மணி நேரம் சாய்வு நாற்காலியில் போர்த்திப் படுக்கவைத்தார்கள். பேசக்கூடாது, வெற்றிலை பாக்கு மெல்லக்கூடாது, நடக்கக்கூடாது, வேலை பார்க்கிற சதையும் அந்தச் சர்க்கரையைத் தின்று மின்னிவிடும் என்று கண்ணாடி போட்ட டெக்னீசியன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். படுத்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். ராயப்பன்பட்டிக்காரர், பெயர் இன்னாசிமுத்து. ஆள் கதவு நிலை மாதிரி இருக்கிறார். போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்படி ஒரு ஆள் அழுதால் யாருக்குத்தான் மனது கேட்கும்? ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னேன். குசுகுசுவென்றுதான். அதைப் பேச்சு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வெளியே வந்ததும் போதுமணி, "வாயத் தொறந்தீங்களா?" என்றாள். பசிக்கிறது, முதலில் இட்லி வாங்கு என்று சைகை காட்டினேன்.

ஜூன் 19, வியாழன்

டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம்.

"நெஞ்சுல இருந்தது நல்லா சுருங்கியிருக்கு. எலுமிச்சம்பழம் இப்ப சுண்டைக்காய். மருந்து வேலை செய்யுது" என்றார். போதுமணி அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. பேனா முனையை என் கழுத்துக்கு நேராக வைத்தார். "ஆனா இங்க பாருங்க. தொண்டையில, வலது பக்கம். முதல் படத்துல இது இல்ல."

சின்னதாகத்தான் இருந்தது. கற்பூரம் கொளுத்தின மாதிரி எரிந்தது.

"ஒரு பக்கம் மருந்துல கரைஞ்சுகிட்டே இன்னொரு பக்கம் புதுசா முளைச்சா, இந்த மருந்து போதலன்னு அர்த்தம். மாத்த வேண்டியிருக்கும். அதுக்கு முன்னாடி கேக்கறேன். ஊசி போட்டதுக்கு அப்புறம் பேசினீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போதுமணி முந்திக்கொண்டாள். "அவரு மூச்சு விடல டாக்டர். நான் உப்பில்லாமக் கெடக்கேன். அவருக்குத் தெரியும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. அவர் 'பேசவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

ஜூன் 20, வெள்ளி

உட்கார முடியவில்லை. தெருமுனைக்குப் போய் வந்தேன். மறுபடி போனேன். டீக்கடைக்காரர், "என்னண்ணே, எதையாச்சும் தொலச்சுட்டீகளா?" என்கிறார். சும்மா கிடக்கிற ஃபூட் வால்வை மறுபடி கழற்றினேன். மாட்டினால் தண்ணீர் ஒழுகுகிறது. போதுமணி திட்டினாள்.

அந்த இரண்டு வார்த்தையாலா ஒரு இடம் அப்படி எரியும்? எரியாது. அப்படியானால் அது நோய்தான். நோய் என்றால் நான் பேசியதைச் சொல்லி என்ன பிரயோசனம்? பேசியதால்தான் என்று அவர்கள் விட்டுவிட்டு, உள்ளே அது வளர்ந்தால்?

ஆக, சொல்லாமல் இருப்பதுதான் சரி. யோசித்துத்தான் இருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

மூக்கு வழியாகத் தொண்டைக்குள் கேமரா விட்டார்கள். தொண்டை டாக்டர் வயசாளி, நிதானமாகப் பேசுகிறவர். "ஈ... சொல்லுங்க" என்றார். சொன்னேன். டிவியில் என் தொண்டை தெரிந்தது. கதவு மாதிரி இரண்டு சவ்வு. வலது பக்கத்துக் கதவு ஓடி ஓடி மூடப் பார்க்கிறது. இடது கதவு செத்தது மாதிரி கிடக்கிறது.

"பாத்தீங்களா? இடது படுத்திருச்சு. ரெண்டு பேரு வேலையையும் வலதுதான் பாக்குது. அன்னிக்கு நீங்க பேசியிருந்தா, அது பட்ட பாட்டுக்குப் படத்துல மின்னத்தான் செய்யும். நான் பயப்படவே மாட்டேன்." ஃபைலைப் புரட்டினார். "ஆனா பேசலன்னு எழுதியிருக்கு. பேசாமலே இப்படி மின்னுச்சுன்னா சந்தேகந்தான். கொஞ்சம் சதை கிள்ளி எடுத்துப் பாக்கணும்."

"கிள்ளினா குரல் போயிருமா சார்?" என்று போதுமணி கேட்டாள்.

"இருக்கறதே ஒரு பக்கம். அதுலதான் கை வைக்கணும். ஜாக்கிரதையாப் பண்ணுவோம். முன்ன மாதிரி கூவ முடியும்னு மட்டும் எழுதித் தரமாட்டேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. போதுமணி என் தோள்துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாசக்கணக்காக இவள் உடம்பைப் பிழிந்துகொண்டிருக்கிறாள், நான் ஒரு மணி நேரம் வாயை மூடவில்லை என்று எப்படிச் சொல்வது? கிள்ளுவது திங்கட்கிழமை. அதுவரைக்கும் மூன்றாவது தடவை மருந்தும் நிறுத்திவைப்பு.

ஜூன் 26, வியாழன்

அவள் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று அடுப்படி வாசலில் போய் நின்றேன். எனக்கு உப்புப் போட்டுத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, தனக்கு உப்பில்லாமல் ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். "என்னங்க வேணும்?" என்றாள். தண்ணீர் என்று காட்டினேன். கொடுத்தாள். குடித்தேன்.

சாயங்காலம் வாழைத்தோப்புக்குள் போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு தார் ஏலம் விட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமைக்குப் பிறகு இதுவும் இருக்குமோ இருக்காதோ. பாதியில் குரல் உடைந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

நாளைக்கு. பை கட்டியாகிவிட்டது.

ஜூன் 30, திங்கள்

எல்லாம் போச்சு. இல்லை, எல்லாம் வந்தது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் போதுமணியும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிடக் காத்திருந்தோம். திடீரென்று வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து, "ஏலக்காரரே!" என்று ஒரு சத்தம். எல்லாரும் திரும்பினார்கள். இன்னாசிமுத்து. வேட்டி கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக, கையை நீட்டிக்கொண்டு வருகிறார். நான் தலையைக் குனிந்தேன். பயனில்லை.

"தாயி, நீங்கதான் இவரு வீட்டம்மாவா? உங்க வீட்டுக்காரருக்குக் கோயில்தான் கட்டணும். அன்னிக்கு நான் செத்தேன்னு படுத்திருந்தேன். மனுசன் ஒரு மணி நேரம் ஏலம் விட்டாரும்மா! சுவத்துல இருந்த கேமராவ வித்தாரு, போர்வைய வித்தாரு, அந்தக் கண்ணாடி போட்ட தம்பியோட மீசைய மூணு தரம் கூவி வித்தாரு! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விலா எலும்பு நோவெடுத்துப் போச்சு."

போதுமணி மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"அதுல என்ன கூத்துன்னா," அவர் பாட்டுக்குப் போகிறார், "என் படத்துல விலாச் சதை பூராம் மின்னுதாம். நல்லா சிரிச்சீங்களான்னு டாக்டரு கேட்டாரு. ஆமா சார், விழுந்து விழுந்து சிரிச்சேன்னேன். அவரும் சிரிச்சுப்புட்டாரு. மறுபடி எடுக்கணும், அடுத்த திங்கக்கெழம வாங்கன்னு இப்பத்தான் சொல்லி அனுப்புனாரு. ஆமா, உங்களுக்கு என்ன, மறுபடியும் ஸ்கேனா?"

நான் போதுமணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் நேராகத் தொண்டை டாக்டர் அறைக்குள் போனாள். உள்ளே அவள் சொன்னது வராந்தா முழுக்கக் கேட்டது. "கிள்ளாதீங்க சார்! அந்த மனுசன் பேசுனாரு! ஒரு மணி நேரம் பேசுனாரு!"

டாக்டர் ரெஹானாவையும் வரவழைத்தார்கள். நான் இரண்டு பேர் முன்னாலும் நின்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. மருந்து வேற தள்ளிப் போச்சு. நாங்க படத்தைப் பாத்து அளக்கறோம். நீங்க சொல்றதைச் சேத்துத்தான் அளக்க முடியும்" என்றார் டாக்டர் ரெஹானா. கோபத்தில் அவர் காது சிவந்திருந்தது. கிள்ளுவது நிறுத்தம். வருகிற திங்கட்கிழமை மறுபடி ஸ்கேன். மின்னினால் கிள்ளுவது நிச்சயம். மின்னாவிட்டால் பழைய மருந்து.

திரும்பி வருகிற பஸ்ஸில் போதுமணி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

ஜூலை 3, வியாழன்

இன்னும் பேசவில்லை. சோற்றை வைக்கிறாள், போகிறாள். வீட்டில் இரண்டு பேரும் ஊமை. இதுதான் மாமனார் வீடோ என்று தோன்றுகிறது.

நேற்று மன்னிப்பு என்று எழுதி டயரிப் பக்கத்தைக் கிழித்து அவள் முன்னால் வைத்தேன். பார்த்துவிட்டு அடுப்பில் போட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகையாக இருக்கும்.

ஜூலை 7, திங்கள்

ஊசி போட்டார்கள். இந்தத் தடவை டெக்னீசியன் என் முகத்துக்கு நேராக வந்து, "சார், மீசை விக்கிறதுக்கில்ல" என்றார். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் இன்னாசிமுத்து. இந்தத் தடவை அழவில்லை. ஆனால் கூரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தார். என்னைப் பார்த்தார். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். புரிந்துகொண்டு கண்ணை மூடினார். கண் ஓரத்தில் தண்ணீர்.

என்ன செய்வது? பேசினால் என் தொண்டை போகும். சிரித்தால் அவர் விலா மின்னும். என் தோள்துண்டை எடுத்து இரண்டு நாற்காலிக்கும் நடுவில் போட்டேன். அதற்குள் கையை நீட்டினேன். அவர் ஊர்ப் பக்கமும் மாட்டுச் சந்தை உண்டுதானே. உடனே பிடிபட்டது. என் ஒரு விரலைப் பிடித்தார்.

என்ன பண்டம் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவருக்கு மகள் பத்தாவது படிக்கிறாள். ஒன்று என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்? தட்டிவிட்டேன். இரண்டு விரல் பிடித்தார். தட்டினேன். நான் அவர் கையை மொத்தமாகப் பிடித்தேன். அவர் மலைத்துப்போய் என்னைப் பார்த்தார். அவ்வளவு கிடைக்குமா என்கிற மாதிரி. ஏன் கிடைக்காது என்று இறுக்கிப் பிடித்தேன். இப்படியே இழுபறி. இறங்குகிறார், ஏற்றுகிறேன். நான் சோர்ந்தால் அவர் ஏற்றுகிறார். ஒரு கட்டத்தில் யார் வாங்குகிறவர், யார் விற்கிறவர் என்றே தெரியவில்லை. கடைசியில் கையை மொத்தமாக இரண்டு தடவை பிடித்து அழுத்தினார். பத்து. சரி என்று முடித்தேன்.

வாயைத் திறக்கவே இல்லை. சத்தியம்.

ஜூலை 10, வியாழன்

காலையில் கிளம்பும்போது பால்காரர் வந்தார், காசை மாசக் கடைசியில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். போதுமணி கூடவே வந்தாள், பேசாமல்.

டாக்டர் ரெஹானா படத்தைப் போட்டார். கழுத்தைத்தான் முதலில் தேடினேன். இருட்டு. வலதும் இருட்டு, இடதும் இருட்டு.

"தொண்டையில ஒண்ணுமில்ல. அன்னிக்கு மின்னினது நீங்க ஏலம் விட்டதுதான். நெஞ்சுல இருக்கிறது கூடல. நாளைக்கே மருந்து ஏத்திருவோம், அதே மருந்து" என்றார். "குரல் திரும்ப மாசக்கணக்காகும். முழுசா வரும்னு சொல்லமாட்டேன். ஆனா இருக்கறதை யாரும் கிள்ளப் போறதில்ல."

போதுமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கும்பிட்டேன்.

"இருங்க, எந்திரிக்காதீங்க." டாக்டர் திரையில் படத்தைக் கீழே நகர்த்தினார். "இது என்ன? வலது முன்கை பூரா மின்னுது. ஊசி இடது கையிலதான போட்டோம்? பக்கத்துல படுத்திருந்தவருக்கு இடது கையாம். உண்மையைச் சொல்லுங்க, என்ன பண்ணீங்க ரெண்டு பேரும்?"

நான் போதுமணியைப் பார்த்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். தரகர் மகளுக்கு விளக்கம் வேண்டுமா? பத்து நாளாகத் திறக்காத வாயைத் திறந்தாள்.

"கட்டையில போற மனுசா! கையையாவது சும்மா வச்சிருக்கக்கூடாதா?" என்று சொல்லிவிட்டு அங்கேயே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். இந்தத் தடவை நானே வாயைத் திறந்து, "மாட்டு யாவாரம் டாக்டர்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கீறின மாங்காய் வாங்கினாள். உப்பும் மிளகாய்ப்பொடியும் அள்ளி அப்பச் சொல்லி, நின்ற இடத்திலேயே தின்றாள். எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உசிலம்பட்டி தாண்டியதும் என் தோளிலிருந்து துண்டை உருவித் தன் மடியில் விரித்தாள்.

"வருசந்தான பேசுனீங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"எத்தனைக்கு முடிச்சீங்க?"

துண்டுக்குள் கையை விட்டு, அவள் கையை மொத்தமாக இரண்டு தடவை பிடித்தேன். வெடுக்கென்று தட்டிவிட்டாள். "அதெல்லாம் கட்டாது" என்றாள். பிறகு அவளே என் கையைப் பிடித்தாள், மொத்தமாக. விட்டாள், பிடித்தாள். விட்டாள், மறுபடி பிடித்தாள். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது எனக்குக் கணக்கு விட்டுப்போனது. அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.